யார் பொறுப்பு? நியூஜெர்சி கோர்ட்டுகள் மாறிய கதை

1939இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில ஆளுநர் ஹாரி மூர், மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஓர் இளைஞரை நியமித்தார். பெயர் ஃபிராங்க் ஹேக் ஜூனியர். சட்டக் கல்லூரிப் படிகளை மிதித்திருக்கிறார், பட்டம் வாங்கவில்லை. அவருடைய தகுதி வேறு. அவர் அப்பா, பெரிய ஃபிராங்க் ஹேக், 1917 முதல் ஜெர்சி சிட்டி மேயர். மாநில ஜனநாயகக் கட்சி அவர் கைக்குள் இருந்தது. ஏன் இந்த நியமனம் என்று கேட்டதற்கு, அவர் அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்குமே என்று ஆளுநர் பதில் சொன்னதாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள்.

இந்த நியமனத்தில் சட்ட மீறல் எதுவும் கிடையாது, அதுதான் விசேஷம். அந்த நீதிமன்றத்தில் ஆறு இடங்களுக்கு வக்கீலாக இருந்திருக்கத் தேவையில்லை என்றே அன்றைய ஏற்பாடு இருந்தது. ஆக, ஹேக் மகன் கதையைப் படித்துவிட்டு 'அரசியல்வாதிகளே இப்படித்தான்' என்று முடித்துக்கொண்டால் விஷயம் கையை விட்டுப் போய்விடும். ஓட்டை நியமித்தவரிடம் மட்டும் இல்லை, அமைப்பிலேயே இருந்தது. அந்த அமைப்பை எட்டே ஆண்டுகளில், 1947இல், நியூஜெர்சி அடியோடு மாற்றியது. அமெரிக்க மாநில நீதிமன்றங்களைச் சீர்திருத்தப் புறப்பட்டவர்கள் பிறகு பல பத்தாண்டுகளுக்கு இந்த மாநிலத்தைத்தான் முன்மாதிரியாகக் காட்டினார்கள்.

பழைய வீடு

1947க்கு முன்பு நியூஜெர்சியில் என்னென்ன கோர்ட்டுகள் இருந்தன என்று பட்டியல் போட்டால் தலை சுற்றும். உச்சியில் 'பிழைகள் மற்றும் மேல்முறையீடுகள் நீதிமன்றம்'. அதற்குக் கீழே 'சுப்ரீம் கோர்ட்'. பெயர்தான் சுப்ரீம், மேலே இன்னொன்று உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சான்சரி கோர்ட். உயில், சொத்து வாரிசு விவகாரத்துக்கு ப்ரராகேட்டிவ் கோர்ட். அதே விவகாரத்தைக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அளவில் பார்க்க 'அனாதைகள் கோர்ட்'. சர்க்யூட் கோர்ட், காமன் ப்ளீஸ் கோர்ட், குற்றவியலுக்குத் தனியாக ஓயர் அண்ட் டெர்மினர், குவார்ட்டர் செஷன்ஸ், ஸ்பெஷல் செஷன்ஸ். ஊர்களில் சில்லறை வழக்குகளைப் பார்க்கச் சமாதான நீதிபதிகள். இவற்றில் பாதிப் பெயர்கள் இங்கிலாந்திலிருந்து குடியேற்றக் காலத்தில் வந்தவை. இங்கிலாந்து 1873, 1875ஆம் ஆண்டுச் சட்டங்களால் தன் கோர்ட்டுகளை ஒன்றாக்கி இதையெல்லாம் கழித்துக் கட்டியது. நியூஜெர்சியோ பாட்டன் வீட்டுச் சாமான் என்று பரணில் பத்திரமாக வைத்திருந்தது.

உச்சியில் இருந்த அந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கணக்கைப் பாருங்கள். சான்சரியின் தலைவரான சான்சலர் 1, சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் 9, மேலே சொன்ன சிறப்பு நீதிபதிகள் 6, மொத்தம் 16 பேர். ஜூரியைவிடக் கொஞ்சம் பெரிசு, கலகக் கும்பலைவிடக் கொஞ்சம் சிறிசு என்று வக்கீல்கள் கேலி செய்தார்கள். எண்ணிக்கையைவிட மோசமான சங்கதி இன்னொன்று. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து மேலே போனால், அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் அதே சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள். கீழே அந்த வழக்கைக் கேட்டவர்கள் எழுந்து ஒதுங்கிக்கொள்வார்கள். அவர்களுடைய சகாக்கள், நேற்று ஒன்றாகத் தீர்ப்பு எழுதியவர்கள், இன்று அதைச் சரிபார்ப்பார்கள். இதே நீதிபதிகள்தான் கவுண்டிகளுக்குச் சுற்றுப்பயணம் போய் விசாரணையும் நடத்த வேண்டும். ஒரே ஆள் மூன்று நாற்காலியில்.

இதைவிட மக்களை அலைக்கழித்தது சட்டத்துக்கும் சமநீதிக்கும் (சட்ட கோர்ட்டால் தர முடியாத பரிகாரத்தை நியாயம் பார்த்துத் தரும் முறை) நடுவே எழுப்பியிருந்த சுவர். பணம் கேட்டு, நஷ்டஈடு கேட்டுப் போவது சட்ட கோர்ட்டுக்கு. தடையுத்தரவு, பத்திரத்தில் உள்ள பிழையைத் திருத்துவது, அறக்கட்டளை, கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தைப் பறிப்பது எல்லாம் சான்சரிக்கு. ஒருவர் ஒரு நிலத்துக்கு ஒப்பந்தம் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். விற்றவர் பாக்கிப் பணம் கேட்டுச் சட்ட கோர்ட்டில் வழக்குப் போடுகிறார். வாங்கியவர், 'பத்திரத்தில் ஏக்கர் கணக்கைத் தப்பாக எழுதிவிட்டார்கள், அதைத் திருத்தினால் பாக்கியே இல்லை' என்கிறார். திருத்தும் அதிகாரம் அந்த நீதிபதிக்குக் கிடையாது. எனவே வாங்கியவர் சான்சரிக்கு ஓடி, சட்ட கோர்ட் வழக்கை நிறுத்தச் சொல்லித் தடை வாங்கி, பத்திரத்தைத் திருத்திக்கொண்டு, மிச்ச சண்டையைப் போட மறுபடி முதல் கோர்ட்டுக்கு வர வேண்டும். இரண்டு பக்கமும் தனித்தனி மேல்முறையீடு. ஒரே சண்டை, இரண்டு கோர்ட், இரண்டு செலவு. எந்தக் கோர்ட் சரியான கோர்ட் என்ற வாதத்திலேயே வருஷங்கள் கரைந்த வழக்குகளும் உண்டு.

நம் ஊர் வாசகருக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். இங்கே சார்பு நீதிமன்றத்தில் ஒரே பிராதில் பணமும் கேட்கலாம், தடையுத்தரவும் கேட்கலாம், பத்திரத்தைத் திருத்தவும் கேட்கலாம். வாய்தா மேல் வாய்தா வாங்கி நொந்துபோவது வேறு கதை. ஆனால் இந்தச் சுவர் மட்டும் நம் உரிமையியல் நீதிமன்றங்களில் இல்லை. அந்த வகையில் 1940களின் நியூஜெர்சியைவிட அன்றைய மதராஸ் மாகாண முன்சீப் கோர்ட் ஒரு படி முன்னால் இருந்தது என்றே சொல்லலாம்.

சரி, இத்தனைக்கும் யார் பொறுப்பு? வழக்குகள் தேங்கினால் யாரைக் கேட்பது? யாரையும் கேட்க முடியாது. ஒவ்வொரு கோர்ட்டும் தனித் தீவு. ஒரு கவுண்டியில் நீதிபதி வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார், பக்கத்துக் கவுண்டியில் வழக்குகள் மலையாகக் குவிந்திருக்கும். இவரை அங்கே அனுப்பும் அதிகாரம் ஒருவருக்கும் இல்லை. எத்தனை வழக்கு நிலுவை என்ற கணக்கு மாநிலம் முழுமைக்கும் ஒரே இடத்தில் இருந்ததும் இல்லை. என் பார்வையில் பழைய அமைப்பின் மூல நோய் இதுதான். பழங்காலப் பெயர்களும் பதினாறு நாற்காலிகளும் வெளியே தெரிந்த கொப்புளங்கள்.

தோற்ற சுற்று

இந்த நோயை முதலில் சரியாகக் கண்டு சொன்னவர் பின்னாளில் ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் தலைவரான ராஸ்கோ பவுண்ட். 1906இல் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில், நீதி நிர்வாகத்தின் மேல் மக்களுக்கு ஏன் அதிருப்தி என்று ஓர் உரை நிகழ்த்தினார். கோர்ட்டுகள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன, ஒன்றாக்க வேண்டும் என்பது அதன் சாரங்களில் ஒன்று. கேட்ட வக்கீல்களில் பலருக்குக் கோபம் வந்தது. நியூஜெர்சியில் அதைப் பிடித்துக்கொண்டவர் ஆர்தர் வாண்டர்பில்ட். நியூவார்க் நகரம் இருக்கிற எசெக்ஸ் கவுண்டியின் வக்கீல், குடியரசுக் கட்சிக்காரர், உள்ளூர் அரசியலில் ஊழலுக்கு எதிரான ஓர் அணியின் தலைவர், 1937-38இல் அமெரிக்க வக்கீல்கள் சங்கத் தலைவர். 1930இல் அமைந்த மாநில நீதித்துறை ஆலோசனைக் குழுவுக்குப் பத்து ஆண்டு தலைமை தாங்கி, அறிக்கை மேல் அறிக்கை எழுதினார். எல்லாம் அலமாரிக்குப் போயின.

1941இல் ஆளுநரான சார்லஸ் எடிசன் இந்தப் பேச்சை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தார். விஞ்ஞானி தாமஸ் ஆல்வா எடிசனின் மகன் இவர். (இன்று ஏராளமான தமிழர்கள் வசிக்கும் எடிசன் என்ற ஊர் நியூஜெர்சியில்தான் இருக்கிறது, 1954இல் அப்பாவின் நினைவாகப் பெயர் மாறிய ஊர் அது. மகனுடைய பங்கு அங்கே குடியிருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.) எடிசன் ஜெயித்தது ஹேக்கின் ஆதரவோடு. பதவியேற்றதும் ஹேக்கோடு முறைத்துக்கொண்டார். 1844ஆம் ஆண்டு அரசியலமைப்பையே மாற்றி எழுத வேண்டும் என்றார். 1942இல் ஒரு குழு வரைவு தயாரித்தது. அதன் அடிப்படையில் அடுத்து வந்த ஆளுநர் வால்டர் எட்ஜ் காலத்தில் சட்டமன்றமே ஒரு புது அரசியலமைப்பை எழுதி, 1944 நவம்பரில் மக்கள் வாக்குக்கு வைத்தது. ஹேக் தன் முழுப் பலத்தையும் எதிர்ப்பில் இறக்கினார். புது அரசியலமைப்பு தோற்றது.

ஹேக் ஏன் எதிர்த்தார் என்பதற்கு, நீதிபதி நியமனங்கள் கையைவிட்டுப் போகும் என்ற பயம் ஒரு காரணம். ஆனால் அவருக்கு வேறொரு கணக்கும் இருந்தது. ஜெர்சி சிட்டியில் ரயில்வே கம்பெனிகளின் நிலம் ஏராளம். அவற்றுக்கு வரி எப்படி விதிப்பது என்பது அவருடைய நகராட்சிக் கஜானாவின் உயிர்ப் பிரச்சினை. அந்தக் கணக்கைத் தீர்க்காமல் கோர்ட் சீர்திருத்தம் நகராது என்று புரிந்துகொள்ள சீர்திருத்தக்காரர்களுக்கு இன்னும் மூன்று வருஷம் பிடித்தது. நீதிமன்றம் என்ற வார்த்தையே இல்லாத இடத்தில்தான் நீதிமன்றச் சீர்திருத்தத்தின் சாவி இருந்தது.

கூடைப்பந்துக் கூடத்தில் அரசியலமைப்பு

1947 ஜனவரியில் ஆல்ஃபிரட் டிரிஸ்கால் ஆளுநரானார். ஆரவாரம் இல்லாத மனிதர், பேரம் பேசத் தெரிந்தவர். சட்டமன்றம் எழுதினால் கட்சிச் சண்டையாகிவிடும் என்று தனி மாநாடு கூட்ட ஏற்பாடு செய்தார். சின்னக் கவுண்டிகளின் பயத்தைப் போக்க முன்கூட்டியே ஒரு வேலி போட்டார்: பெரிசோ சிறிசோ, 21 கவுண்டிகளுக்கும் மாநில செனட்டில் தலா ஒரு இடம் என்ற ஏற்பாட்டை மாநாடு தொடக்கூடாது. ஜனநாயகக் கண்ணோட்டத்தில் இது பெரிய விட்டுக்கொடுப்பு. ஆனால் அதைக் கொடுக்காவிட்டால் மாநாடே இல்லை.

ஜூன் 12 அன்று 81 பிரதிநிதிகள் நியூ பிரன்ஸ்விக்கில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் கூடினார்கள். 1869இல் அமெரிக்காவின் முதல் கல்லூரிக் கால்பந்தாட்டம் நடந்த இடம் அது. மைதானம் போய்க் கூடம் வந்திருந்தது. பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் குளோதியர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். செப்டம்பர் 10க்குள் வேலை முடிந்தது, மூன்றே மாதம். அதே மாதங்களில் டெல்லியில் நம் அரசியல் நிர்ணய சபை வேலை செய்துகொண்டிருந்தது. நடுவே ஆகஸ்ட் 15 வந்துபோனது. அளவில் ஒப்பிடவே முடியாத இரண்டு சபைகள்தான், இருந்தாலும் இரண்டுக்கும் முன்னால் ஒரே கேள்வி இருந்தது: நீதிபதியை அரசியலிடமிருந்து எவ்வளவு தூரத்தில் உட்கார வைப்பது?

வாண்டர்பில்ட் மாநாட்டுப் பிரதிநிதியாக இல்லை. அந்த ஆண்டில் பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியிருந்தது. இருபது வருஷம் உழைத்த ஆள் அறைக்கு வெளியே. ஆனால் நீதித்துறைக் குழுவில் இருந்தவர்களில் பலர் அவருடைய யோசனைகளை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். சான்சரி கோர்ட்டைக் காப்பாற்றப் பழைய வக்கீல்கள் கடைசி வரை போராடினார்கள். அவர்கள் வாதத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது. நியூஜெர்சி சான்சரி தரமான தீர்ப்புகளுக்கு நாடு முழுதும் பெயர் பெற்றது. அந்த நிபுணத்துவம் பொதுக் கோர்ட்டில் கரைந்துபோகும் என்று அஞ்சினார்கள். மாநாடு அதற்கு நல்ல விடை கண்டது. கோர்ட்டை ஒன்றாக்கி, உள்ளே சட்டப் பிரிவு, சான்சரிப் பிரிவு என்று இரண்டு பிரிவுகளை வைத்தது. எந்தப் பிரிவில் வழக்கு இருந்தாலும், அந்தச் சண்டையை முழுதாகத் தீர்க்க மற்றப் பிரிவின் அதிகாரத்தையும் அந்த நீதிபதி பயன்படுத்தலாம். நிபுணர் இருந்தார், சுவர் போனது.

மேலே ஏழு பேர் கொண்ட புதிய சுப்ரீம் கோர்ட். கீழே மாநிலம் முழுமைக்கும் ஒரு சுப்பீரியர் கோர்ட். அதற்குள்ளேயே மேல்முறையீட்டுப் பிரிவு. நீதிபதியை ஆளுநர் நியமிப்பார், செனட் ஒப்புதல் தரும். முதலில் ஏழு ஆண்டு. மறுநியமனம் கிடைத்தால் 70 வயது வரை அசைக்க முடியாது. பத்து ஆண்டாவது வக்கீலாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஹேக் மகன் வந்த கதவு அத்தோடு மூடப்பட்டது. தேர்தல் கிடையாது. நீதிபதியானபின் வக்கீல் தொழில் செய்யவும் கூடாது.

இவையெல்லாம் நல்ல அம்சங்கள். வேறு மாநிலங்களிலும் ஒன்றிரண்டு இருந்தவைதான். நியூஜெர்சியைத் தனித்துக் காட்டியவை இரண்டு சின்ன வாசகங்கள். ஒன்று, தலைமை நீதிபதியே மாநிலத்தின் எல்லா நீதிமன்றங்களுக்கும் நிர்வாகத் தலைவர். நிர்வாக இயக்குநர் ஒருவரை அவர் வைத்துக்கொள்ளலாம், சுப்பீரியர் கோர்ட் நீதிபதிகளை வேலை இருக்கும் இடத்துக்கு அனுப்பலாம். இரண்டு, எல்லாக் கோர்ட்டுகளின் நிர்வாக விதிகளையும், 'சட்டத்துக்கு உட்பட்டு' நடைமுறை விதிகளையும் சுப்ரீம் கோர்ட்டே வகுக்கும். யார் பொறுப்பு என்ற கேள்விக்கு முதல்முறையாகப் பெயர் சொல்லிப் பதில் வந்தது. 'சட்டத்துக்கு உட்பட்டு' என்ற இரண்டு சொற்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

விட்டுக்கொடுத்தவையும் உண்டு. கவுண்டி நீதிபதிகளையும் அவர்களுக்குப் பின்னால் இருந்த உள்ளூர்க் கட்சிக்காரர்களையும் பகைத்துக்கொள்ள மாநாடு துணியவில்லை. கவுண்டி கோர்ட்டுகள் தனியாகத் தப்பின. கட்டடம், குமாஸ்தா சம்பளம் எல்லாம் கவுண்டிகளின் செலவிலேயே இருந்தன.

ஹேக்? டிரிஸ்கால் அவரை நேரில் சந்தித்துப் பேசினார். எல்லா நிலச் சொத்துக்கும் ஒரே அளவுகோலில் மதிப்பிட்டு வரி என்ற பிரிவு அரசியலமைப்பில் ஏறியது. ரயில்வே நிலமும் அதில் அடக்கம். ஹேக்கின் எதிர்ப்பு அடங்கியது. மாநாடு தொடங்கிய அதே ஜூன் மாதத்தில், முப்பது ஆண்டு உட்கார்ந்திருந்த மேயர் நாற்காலியைச் சகோதரி மகனிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். 1947 நவம்பர் 4 அன்று மக்கள் மூன்றுக்கு ஒன்று என்பதைவிடக் கூடுதலான பெரும்பான்மையில் புதிய அரசியலமைப்பை ஏற்றார்கள்.

வாரந்தோறும் கணக்கு

1948 செப்டம்பர் 15 அன்று நீதித்துறைப் பகுதி நடைமுறைக்கு வந்தது. டிரிஸ்கால் தலைமை நீதிபதியாக நியமித்தது வாண்டர்பில்ட்டை. பழைய சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதி கிளாரன்ஸ் கேஸ், கடைசி சான்சலர் டேட்டன் ஆலிஃபன்ட் இருவரும் புதிய கோர்ட்டில் சாதாரண நீதிபதிகளாக அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அந்த முதல் நாளில் அறைக்குள் என்ன மாதிரி மௌனம் நிலவியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

வாண்டர்பில்ட் செய்த முதல் காரியங்களில் ஒன்று நீதிபதிகளைக் கணக்குக் கொடுக்க வைத்தது. ஒவ்வொரு நீதிபதியும் வாரந்தோறும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: எத்தனை மணி நேரம் இருக்கையில் இருந்தார், எத்தனை வழக்கு கேட்டார், விசாரணை முடிந்தும் தீர்ப்புச் சொல்லாமல் கிடப்பவை எத்தனை. அதுவரை எவரிடமும் கணக்குச் சொல்லிப் பழகாத கனவான்களுக்கு இது பள்ளிக்கூட வருகைப் பதிவேடு போல இருந்திருக்கும். முணுமுணுப்பு நிறைய. ஆனால் படிவம் நிற்கவில்லை. எங்கே தேக்கம் என்று தெரிந்ததும் அங்கே நீதிபதிகளை மாற்றி அனுப்பினார். நிலுவை மளமளவென்று இறங்கியது.

நடைமுறை விதிகளை 1938இல் வந்த மத்திய நீதிமன்ற விதிகளின் மாதிரியில் எழுதினார்கள். அதோடு ஒரு புதுச் சடங்கு: எதிர்ப்புள்ள உரிமையியல் வழக்குகளில் விசாரணைக்கு முன்பு நீதிபதி இரு தரப்பு வக்கீல்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து, எதில் தகராறு, எதில் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். நம் கோர்ட்டுகளில் எழுவினா, அதாவது வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகளை வகுப்பது போன்றதுதான், ஆனால் நேருக்கு நேர் பேசி. பேசும்போதே பல வழக்குகள் சமரசமாகிவிடும். இதில் அதிக ஊக்கம் காட்டிய நீதிபதிகளில் ஒருவர் வில்லியம் பிரென்னன், நியூவார்க்கில் பிறந்தவர், 1949இல் சுப்பீரியர் கோர்ட்டுக்கு வந்தவர். 1956இல் கோர்ட் தேக்கம் பற்றி வாஷிங்டனில் ஒரு மாநாடு. வாண்டர்பில்ட்டுக்கு உடம்பு முடியாமல் போக, அவருக்குப் பதிலாகப் பிரென்னன் போய்ப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த மத்திய அட்டர்னி ஜெனரலுக்கு ஆளைப் பிடித்துப்போனது. அதே ஆண்டு ஜனாதிபதி ஐசன்ஹோவர் அவரை அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். வாய்தாவைக் குறைப்பது பற்றிப் பேசப் போனவர் அந்த நூற்றாண்டின் செல்வாக்கு மிக்க நீதிபதிகளில் ஒருவரானார்.

எனக்குப் பிடித்த சீர்திருத்தம் இவற்றையெல்லாம்விடச் சின்னது: போக்குவரத்து அபராதச் சீட்டு. முன்பெல்லாம் போலீஸ்காரர் சீட்டுக் கொடுத்தால், ஊரில் நாலு பேரைத் தெரிந்தவர் அதைக் காணாமல் போகச் செய்துவிடுவார். வாண்டர்பில்ட் மாநிலம் முழுமைக்கும் ஒரே மாதிரிச் சீட்டு அடிக்கச் செய்தார், எண் அச்சிட்டு, பல படிகளோடு. ஒரு படியைக் கிழித்தால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும். பெரும்பாலான மக்கள் வாழ்நாளில் பார்க்கும் ஒரே கோர்ட் அந்த ஊர்க் கோர்ட்தான். அவர்களுக்குச் சீர்திருத்தம் என்பது இந்தச் சீட்டுதான்.

இரண்டு சொற்கள்

இப்போது அந்த 'சட்டத்துக்கு உட்பட்டு'. 1950இல் வின்பெர்ரி எதிர் சாலிஸ்பரி என்ற வழக்கு. விவகாரம் ஒன்றும் பெரிசில்லை: மேல்முறையீட்டைக் கெடு தாண்டித் தாக்கல் செய்திருந்தார்கள். கோர்ட் விதிப்படி கெடு 45 நாள். சட்டமன்றம் இயற்றிய பழைய சட்டப்படி பார்த்தால் இன்னும் நேரம் இருந்தது. எது செல்லும்?

சாதாரண வாசிப்பில் பதில் சுலபம். விதிகள் சட்டத்துக்கு உட்பட்டவை. சட்டம் இன்னும் நாள் கொடுத்தால் கோர்ட் அதைக் குறைக்க முடியாது. வாண்டர்பில்ட் அப்படிப் படிக்கவில்லை. இங்கே 'சட்டம்' என்றால் மக்களின் உரிமை, கடமைகளை வகுக்கும் சட்டம். வழக்கை நடத்தும் முறை பற்றிச் சட்டமன்றம் சொல்வது கோர்ட்டைக் கட்டாது என்று எழுதினார். பழைய தலைமை நீதிபதி கேஸ் முடிவை ஒப்புக்கொண்டார், காரணத்தை ஏற்க மறுத்துத் தனியாக எழுதினார். சட்டப் பேராசிரியர்கள் உலகம் இரண்டாகப் பிரிந்தது. சட்டமன்றத்தில் பலர் கொதித்தார்கள்.

இந்தத் தீர்ப்பு சரியா? வாண்டர்பில்ட்டின் பயம் எனக்குப் புரிகிறது. நடைமுறை விதிகளைச் சட்டமன்றம் தொட முடிந்தால், செல்வாக்குள்ள ஒவ்வொரு வக்கீலும் தன் வசதிக்கு ஒரு திருத்தம் கொண்டுவருவார். ஐந்து வருஷத்தில் பழைய வீடு திரும்ப எழும்பிவிடும். ஆனால் மக்கள் வாக்களித்து ஏற்ற வாசகத்தில் இருக்கும் சொற்களை இவ்வளவு வளைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நீதிபதி கேஸ் பக்கமே நியாயம் என்று தோன்றுகிறது. நம் நாட்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 122ஆம் பிரிவில் உயர் நீதிமன்றம் விதிகளைத் திருத்தலாம். ஆனால் 126ஆம் பிரிவுப்படி மாநில அரசின் முன் ஒப்புதல் வேண்டும். வேகம் குறைவு, பூட்டுக்கு இரண்டு சாவி. நியூஜெர்சியும் பிறகு கொஞ்சம் இறங்கி வந்தது: 1960இல் சாட்சிய விதிகளைக் கோர்ட்டும் சட்டமன்றமும் ஆளுநரும் சேர்ந்து ஏற்கும் ஒரு வழிமுறையைச் சட்டமாக்கிக்கொண்டார்கள். தீர்ப்பு மட்டும் மாற்றப்படவில்லை.

இப்படிப் பலம் பெற்ற கோர்ட் விதிகளோடு நிற்கவில்லை. 1973இல் ராபின்சன் எதிர் கேகில் வழக்கில், பள்ளிகளுக்கு நிதி தரும் முறை அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. சட்டமன்றம் இழுத்தடித்தது. 1976 ஜூலை 1 முதல் அரசுப் பள்ளிகளுக்குச் செலவு செய்யத் தடை போட்டது கோர்ட். ஒரு வாரத்தில் மாநிலத்தின் வருமான வரிச் சட்டம் நிறைவேறியது. நல்லதோ கெட்டதோ, பதினாறு பேர் கோர்ட் இதைக் கனவிலும் செய்திருக்காது.

மிச்ச வேலை

வாண்டர்பில்ட் 1957 ஜூனில் இறந்தார். அவர் விட்டுப்போன மிச்சம் மெதுவாகத் தீர்ந்தது. கவுண்டி கோர்ட்டுகள் 1978இல் அரசியலமைப்புத் திருத்தத்தால் சுப்பீரியர் கோர்ட்டில் கலந்தன. 1983இல் குடும்ப வழக்குகளுக்கான தனிக் கோர்ட்டும் உள்ளே வந்தது. செலவை மாநிலம் ஏற்க 1992இல் மக்கள் வாக்களித்தார்கள். மறு ஆண்டு ஒருங்கிணைப்புச் சட்டம். 1995 ஜனவரி 1 அன்று கவுண்டி ஊழியர்கள் மாநில நீதித்துறை ஊழியர்களானார்கள். 1947இல் தொடங்கிய ஒருங்கிணைப்பு முடிய நாற்பத்தெட்டு வருஷம் ஆகியிருக்கிறது. 2014இல் இன்னொரு பெரிய சட்டம் ஜாமீன் முறையைத் திருப்பிப்போட்டது. 2017 முதல் பணம் கட்டினால் வெளியே, இல்லாவிட்டால் உள்ளே என்ற நிலை பெரும்பாலும் போய்விட்டது. ஒரே தலைமை, ஒரே கணக்கு என்ற அடித்தளம் இல்லாமல் மாநிலம் முழுதும் ஒரே நாளில் இதைத் தொடங்கியிருக்க முடியாது.

1947 தொடாமல் விட்ட ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது. நீதிபதி நியமனத்துக்கு செனட் ஒப்புதல் வேண்டும் என்று எழுதினார்கள் அல்லவா? அதற்குள் எழுதப்படாத ஒரு வழக்கம் ஒளிந்திருந்தது: நியமிக்கப்படுபவரின் சொந்தக் கவுண்டி செனட்டர் சம்மதிக்காவிட்டால் பெயர் நகராது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாததால் எந்த மாநாடும் அதை வெட்டவில்லை. 2010இல் ஆளுநர் கிரிஸ் கிறிஸ்டி, ஏழு ஆண்டு முடித்த சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஜான் வாலஸை மறுநியமனம் செய்ய மறுத்தபோது, 1947க்குப் பின் முதல் தடவை என்று வக்கீல்கள் அதிர்ந்தார்கள். ஆனால் அது தலைப்புச் செய்தி. ஓசையில்லாமல் அரித்தது நிரப்பாமல் கிடந்த நீதிபதிக் காலியிடங்கள்.

25 முதல் 30 காலியிடம் வரை சமாளிக்கலாம் என்பது நீதித்துறை சொல்லிவந்த கணக்கு. அந்த எண்ணிக்கை ஏறக்குறைய இரு மடங்காகி, வருஷக்கணக்கில் அங்கேயே நின்றது. 2023 பிப்ரவரியில் தலைமை நீதிபதி ஸ்டூவர்ட் ராப்னர் இரண்டு நீதி வட்டாரங்களில் உரிமையியல், விவாகரத்து விசாரணைகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தார். சாமர்செட், ஹண்டர்டன், வாரன் ஒரு வட்டாரம். கம்பர்லேண்ட், கிளாஸ்டர், சேலம் இன்னொன்று. (ஆமாம், அங்கேயும் ஒரு சேலம் உண்டு.) அந்த ஆறு கவுண்டிகளில் நஷ்டஈடு கேட்டவரும் விவாகரத்துக்குக் காத்திருந்தவரும் வீட்டுக்குப் போகலாம். எங்கே எத்தனை வழக்கு, எத்தனை நீதிபதி என்ற கணக்கு ராப்னரின் மேஜையில் விரல் நுனியில் இருந்தது. நீதிபதிகளை அங்குமிங்கும் மாற்றி அனுப்பும் அதிகாரமும் இருந்தது. அனுப்ப ஆள்தான் இல்லை.